மூன்றாம் சாட்சி

மஞ்சக்குப்பம் குற்றவியல் நீதிமன்றம்.
மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் நாங்கள் வேகும் புரட்டாசிப் பகல்.
கூண்டில் பச்சைவாழி,
முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுபவள்.

"கடவுள் ஆணையாக" என்றார் பெஞ்ச் கிளார்க்.
"கடவுள் ஆணையா" என்றாள்,
கூடையைக் கைமாற்றி வாங்குகிறவள் போல.

ஐஸ் கம்பெனி தனுசு
பாக்கி கேட்டு நடு ரோட்டில் உன்னை
என்ன சொல்லித் திட்டினான்?
அப்படியே சொல்லம்மா.
வார்த்தை இல்லையென்றால்
இருநூற்றுத் தொண்ணூற்று நாலு பி நிற்காது.

என்னைப் பார்த்தாள். தட்டச்சுப் பெண்ணைப் பார்த்தாள்.
சுவரில் இருந்த சிங்கங்களையும் பார்த்தாள்.
"இப்பதானே சாமி பேரைச் சொன்னேன்,
அதே வாயால அதை எப்பிடிய்யா சொல்ல?
சத்தியத்தைக் கொஞ்சம் எறக்கி வச்சுக்கறேன்.
சொல்லிட்டுத் திருப்பி எடுத்துக்கறேன்."

கறுப்பு அங்கிகள் குலுங்கின.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.
அதைச் சம்மதமென்று கொண்டாள் போலும்.
முந்தியில் முடிந்த சில்லறையை அவிழ்ப்பதுபோல்
எதையோ எடுத்துக் கூண்டின் கட்டைமேல் வைத்தாள்.

பிறகு சொன்னாள்.
ஒரே சொல்.
அதற்குள் அவளைப் பெற்றவள் இருந்தாள்,
பெற்ற இடமும் இருந்தது.

மேல்முறையீட்டுக்கு ஆங்கிலமாக்குவது என் வேலை.
சாயங்காலம் அகராதிகளோடு உட்கார்ந்தேன்.
டாம் என்பது நரகத்துக்கு வெட்டிய சீட்டு;
இப்போது காபி ஆறிப்போனாலும் சொல்கிறார்கள்.
பிளடி, ரத்தம் என்கிறது, காயத்தைக் காணோம்.
பாஸ்டர்ட் அப்பனைத் தேடிப் போகிற சொல்,
எனக்கு வேண்டியிருந்ததோ அம்மா.
கர்ஸ் என்று போடலாமா?
அது பிறகு பச்சைவாழி செய்தது.
மண்ணை வாரித் தூற்றி
"கட்டையில போவ" என்றாளே, அது சாபம்.
சாபம் பலிக்க நாள் பிடிக்கும்.
வசை, சொன்ன வாய் மூடுமுன் பலித்துவிடுகிறது.

மிச்சம் ஸ்வேர்.
அகராதியில் அதற்கு இரண்டு வரி:
சத்தியம் செய்.
கெட்ட வார்த்தை பேசு.

ஐந்தாம் வகுப்பில் சிஸ்டர் பிலோமினாள்
"டோன்ட் ஸ்வேர்" என்று சுவரில் ஒட்டியிருந்தார்.
முதல் வரிதான் எனக்குத் தெரியும்.
அன்றோடு தலையிலடித்துச் சத்தியம் பண்ணுவதை விட்டேன்.
வாயை விடவில்லை.
முழங்கையில் ஸ்கேல் விழுந்த அன்று
இரண்டாம் வரி புரிந்தது.

சோம்பலில் ஒரே பெட்டிக்குள் போட்டார்களா,
பார்த்துத்தான் போட்டார்களா?
"எங்கம்மா மேல சத்தியமா
மூவாயிரம் பாக்கி" என்றுதான்
தனுசு அன்றைக்குப் பேச்சையே தொடங்கினான்,
முதல் சாட்சி சொன்னது.
அடுத்த மூச்சில் இவள் அம்மாவை இழுத்தான்.
நம்மிடம் சொல் இரண்டு இருக்கிறது.
கூப்பிடுவதென்னவோ அம்மாவைத்தான்.

ஏழரைக்கு வாட்ச்மேன் விளக்கணைக்க வந்தார்.
அவசரமாக எழுதினேன்:
தனுசு ஸ்வோர் அட் ஹெர்.
டு என்று போட்டால் அவளிடம் உறுதி கொடுத்தவன்.
பை என்று போட்டால் அவள்மேல் ஆணையிட்டவன்.
அட் என்பதால் குற்றவாளி.
ஒரு குட்டிச் சொல்லில் வழக்கு தொங்கியது,
கொக்கியில் வஞ்சிரம் தொங்குகிறாற்போல்.

ஐப்பசியில் துறைமுகம் போனேன்.
மழைக்கு முன் வந்த கடைசி விசைப்படகு,
நண்டுக்கூடை, டீசல் வாசனை.
"எழுதிட்டியாம்மா?" என்றாள்.
"எழுதியாச்சு."
"அந்த வார்த்தையையா?"
"அதுக்குப் பக்கத்துல ஒண்ணை."

செதிள் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
அந்த வார்த்தைக்காக இல்லை.
"அய்யய்யோ, எறக்கி வச்சதை
எடுத்துக்காமலே வந்துட்டேனே!"

அப்படியானால்
குறுக்கு விசாரணை முழுவதும்
சத்தியமில்லாமல் சொன்னது.
கோப்பை மறுபடி படித்துப் பார்த்தேன்.
ஒரு பொய்யும் இல்லை.